முழு, அரை, அறு

அன்று விடியற்காலை விறாந்தையில் இருந்தவர்கள் இவர்கள். கட்டிலில் பெரிய கங்காணி. தலைமாட்டில் அவர் சம்சாரம். கால்மாட்டில் அவர் தம்பி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி. முக்காலியில் கண்டி டவுனிலிருந்து வந்த வைத்தியர். தூணோரம் நான். என் கையில் ஒரு புறா.

வைத்தியர் கத்தி கேட்டார். வீட்டில் கவ்வாத்துக் கத்திதான் இருந்தது. தேயிலைச் செடியைத் தறிக்கிற கத்தி. அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"கழுத்த அறுத்து அப்படியே இந்தக் கையில ஊத்து. சூடு ஆறக் கூடாது."

அறுத்தேன். கங்காணியின் வலது தோளில் பிடித்தேன். ரத்தம் முழங்கை வரை ஓடியது. சம்சாரம் அதை விரல் வரை இழுத்துத் தேய்த்தார். காலுக்குப் போதவில்லை. புறாவுக்குச் சின்ன உடம்பு.

கங்காணியின் வாய் கோணிக் கிடந்தது. பேச்சு போயிருந்தது. கண் மட்டும் புறாவின் மேல் இருந்தது. "அ... ர..." என்றார்.

"பாத்தியா, அறுக்கச் சொல்றாரு" என்றார் சம்சாரம். "அவருக்கே தெரியுது எது நல்லதுன்னு."

தினம் விடிய ஒரு புறா, ஒரு மண்டலம் வரை என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். எங்கள் கூட்டில் அத்தனை புறா இல்லை. நடக்கப்போவது அந்தக் காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கங்காணிக்கும் தெரிந்திருக்கும்.

எங்கள் தோட்டம் கண்டியை ஒட்டிய ஹந்தானை மலையில். மேலே ஏறி நின்றால் ஏரியும் டவுனும் தெரியும். நான் அங்கே லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை போனேன். பிறகு கொழுந்துக் கூடை தூக்கினேன். பழைய துரை என்னைப் புறாக்கூட்டுக்கு எடுத்தார். ஏன் என்று சொல்லவில்லை. என் கை சின்னக் கை. கூட்டுப் பொந்துக்குள் போகும். அதற்காக இருக்கலாம்.

துரை வைத்திருந்தது பந்தயப் புறா. சீமையிலிருந்து கப்பலில் வந்த ஜோடிகள் இங்கே பொரித்த குஞ்சுகள். எவ்வளவு தூரத்தில் விட்டாலும் பிறந்த கூட்டுக்குத் திரும்பிவிடும். அதுதான் அதன் வேலை. தேயிலை விலை விழுந்த வருஷம் துரை ஊருக்குப் போனார். குதிரையை விற்றார். நாய்கள் இரண்டையும் சுட்டார். புறாக்களைப் பெரிய கங்காணிக்குக் கொடுத்தார். கூட்டோடு நானும் கங்காணியிடம் போனேன்.

புறா வளர்ப்பது கஷ்டமான வேலை இல்லை. ஒரே மாதிரி செய்ய வேண்டும், அவ்வளவுதான். காலையில் கூட்டைச் சுரண்ட வேண்டும். எச்சம் ஈரமாக இருந்தால் சீக்கு வரும். ஹந்தானையில் மழைக்கும் பனிக்கும் குறைவில்லை, அதனால் தரையில் மரத்தூள் போட்டேன். தண்ணீர்ச் சட்டியை தினம் கழுவினேன். தீனி சோளம், பயறு, கொள்ளு, கொஞ்சம் குரக்கன். கொள்ளு கூடினால் உடம்பு கனக்கும். பந்தயத்துக்கு முந்தின நாள் சோளம் கூட்டிக் கொடுப்பேன். செங்கல் பொடி, முட்டை ஓடு, கரி, உப்பு நான்கையும் கலந்து ஒரு தட்டில் வைப்பேன். புறாவுக்குப் பல் கிடையாது. கல்லைத் தின்றுதான் அரைக்கிறது. பேன் பிடித்தால் புகையிலைக் காம்பைக் கூட்டில் பரப்புவேன்.

இவ்வளவும் துரை சொல்லிக் கொடுத்தது. சீக்குக்கு மருந்தும் சொல்லிக் கொடுத்திருந்தார். கங்காணி அதை நிறுத்திவிட்டார்.

"மருந்து குடுத்துப் பொழைக்கிற புறா பறக்காதுடா. சீக்கு வந்தா கத்தி. அதுதான் மருந்து."

அவர் கூட்டை நடத்தியதும் பெரட்டை நடத்தியதும் ஒரே விதம். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பிரிக்கிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி. பிந்தி வந்தால், கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அதற்கும் கீழே போனால் லயத்துக்குத் திரும்பிப் போ என்பார். புறாவுக்கும் அப்படித்தான். பந்தய நாளில் கூட்டுக்கு முன்னால் நிற்பார். தேயிலை ஆலையான ஸ்டோரில் மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் வந்த புறாவுக்கு "முழு" என்பார். முழுத் தீனி. வேலை விடுகிற சங்குக்குள் வந்ததற்கு "அரை". ஒரு வாரம் அரைத் தீனி. அதற்கும் பிந்தினால் "அறு".

அரை வாங்கின புறா அடுத்த பந்தயத்தில் இன்னும் பிந்தும். வயிறு காய்ந்தது எப்படிப் பறக்கும்? அப்போது அறு. லயத்திலும் இதே கணக்குத்தான். அரைப்பேர்க்காரன் அரை வயிறு சாப்பிடுவான். அடுத்த வாரம் அவன் கூடை இன்னும் குறையும். கங்காணிக்கு இரண்டும் தெரியும்.

அவருக்கு எந்நேரமும் வாயில் வெற்றிலை. அரை என்பதும் அறு என்பதும் அந்த வாயில் ஒன்றாகத்தான் கேட்கும். முதல் வருஷம் அரை வாங்கின ஒரு சேவல் புறாவை நான் அறுத்துவிட்டேன். முதுகில் அடித்தார். கம்பு முறிந்தது. வேறு கம்பு எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்தேன். அதற்குப் பிறகு நான் அவர் வாயைக் கேட்பதில்லை. உடம்பைப் பார்ப்பேன். அறு என்றால் சொன்னதும் திரும்பி நடந்துவிடுவார். ரத்தம் பார்க்கமாட்டார். அரை என்றால் நின்று புறாவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அடையாளத்தை வைத்துத்தான் இத்தனை வருஷம் வேலை செய்தேன். தப்பவில்லை.

எங்களோடு பந்தயம் விட்டவர் அக்குறணையில் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர். இரண்டு பேர் புறாவையும் கூடையில் அடைத்து ரயிலில் ஏற்றுவோம். முதலில் அனுராதபுரம். பிறகு வவுனியா. கடைசியில் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்திலிருந்து மத்தியானச் சங்குக்கு முன் வந்த புறா எங்கள் கூட்டில் ஒன்றுதான். நீலப் பெட்டை. கழுத்தில் பச்சை மின்னும். சின்ன உடம்பு, நீளச் செட்டை. அது வந்த அன்று கங்காணி "முழு, முழு, முழு" என்றார். மடியிலிருந்து கச்சான் கடலை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அது ஏறி நின்று தின்றது. தன் கையால் அவர் தீனி கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மனுஷருக்கும் கொடுத்தவர் இல்லை.

அவர் விழுந்தது பெரட்டில். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைப் பிந்தி வந்ததற்கு ஏசிக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில் வாய் கோணியது. விழுந்தார். பெரட்டில் நின்றவர்கள் யாரும் அசையவில்லை. கலைந்து போ என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் மண்ணில் கிடந்தார். தம்பி வந்து தூக்கும்வரை எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"வலது பக்கம் பூரா செத்துப் போச்சாம்."

"அப்ப கங்காணியாருக்கு இனி அரைப்பேருதான்."

சிரித்தார்கள். நான் சட்டியைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வைத்தியத்தின் இரண்டாம் நாள் கொண்டு போன புறாவும் மட்டமான புறாதான். கங்காணி அதைப் பார்த்து அதையே சொன்னார். "அ... ர..." முகத்தைத் திருப்பவில்லை. நிற்கவும் நடக்கவும் முடியாது, கழுத்தாவது திரும்பும். திருப்பவில்லை. புறாவையே பார்த்தார்.

நான் சொன்னேன். "அரைன்னு சொல்றாருங்க. அறுக்க வேணாம்னு சொல்றாரு."

தம்பி என்னைப் பார்த்தான். "ஓ, இவரு மொழி பெயக்கிற தொரை. அரைப்பேரு மனுசனுக்கு அரைதானடா வாயில வரும். அறு."

"வாயக் கழுவுங்க, அண்ணனப் போயி" என்றார் சம்சாரம். ஆனால் அவருக்கும் கேட்டது அறு என்றுதான். புருஷன் எழும்ப வேண்டும். அவருக்கு வேறு எதுவும் கேட்காது.

கங்காணிக்கு இடது கை நன்றாக இருந்தது. அதைத் தூக்கி ஆட்டினார். தம்பி கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கையை இரண்டு கையாலும் அமுக்கினான்.

"ஆட்டக் கூடாதுன்னு வைத்தியரு சொல்லியிருக்காருண்ணே."

வைத்தியர் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. கங்காணி ஆள்களை அடிக்கிற நாள்களில் அவர்கள் கையை இப்படிப் பிடித்துக்கொள்கிறவன் இந்தத் தம்பிதான். பிடிக்கப் பழகின கை.

அறுத்த புறாவை மிளகு போட்டு ரசம் வைத்தார்கள். கங்காணி முதல் நாள் துப்பினார். பிறகு மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். விழுங்கினார். எந்தப் புறா என்று ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரியும்.

எதைக் கொண்டு போவது என்பது மட்டும் என் கையில் இருந்தது. கிழட்டுப் புறாக்களை முதலில் கொண்டு போனேன். பிறகு பிந்தி வருகிறவை. குஞ்சு பொரித்துப் பறக்காமல் கூட்டிலேயே கிடந்தவற்றையும் கொண்டு போனேன். ஒரு வாரத்தில் வைத்தியர் வந்து பார்த்தார். கை அசையவில்லை.

"எந்தப் புறாவ அறுக்கிற? கூட்டுல குந்தியிருக்கிறதா? அதுக்கு ரத்தம் தண்ணி. பறந்து பழகினது வேணும். யாப்பாணத்துல இருந்தெல்லாம் வந்துச்சாமே, அது மாதிரி."

"இவன் வேணும்னே மோசமானதாப் பாத்துக் கொண்டாறான்" என்றான் தம்பி.

"தீனி நல்லாக் குடு" என்றார் வைத்தியர். "தின்னாத்தான் ரத்தம் ஊறும். சீக்குப் புறாவ அறுக்காத. சீக்கு இவருக்கு ஏறிப் போகும். சொகமாக்கிட்டு அறு."

அந்தக் கூட்டில் எல்லாப் புறாவுக்கும் முழுத் தீனி கிடைத்தது அந்த நாள்களில்தான். பொழுது விடிந்ததும் ஒன்றை எடுப்பேன். மற்றவை வயிறு நிறையத் தின்னும். இறகு மினுங்கியது. எச்சம் இறுகி வெள்ளை முனையோடு விழுந்தது. அதைவிட ஆரோக்கியமாக அந்தக் கூட்டை நான் பார்த்ததில்லை.

செம்மறைச் சேவல் புறா ஒன்றுக்குத் தொண்டையில் மஞ்சளாகக் கட்டி வந்திருந்தது. தின்ன முடியாமல் வாயைத் திறந்து மூச்சு விட்டது. இதற்கு முன் என்றால் அன்றைக்கே கத்தி. இப்போது சுகமாக்கச் சொல்லியிருக்கிறார்கள். இறகால் அந்த மஞ்சளை மெல்லச் சுரண்டி எடுத்தேன். தேசிக்காயைப் பிழிந்து அந்தப் புளியைத் தடவினேன். பயற்றை அவித்து ஒவ்வொன்றாகத் தொண்டைக்குள் தள்ளினேன். மற்றவற்றோடு தண்ணீர் குடிக்கவிடாமல் தனியே வைத்தேன். கொஞ்ச நாளில் தானாகத் தின்றது. பெட்டையைச் சுற்றிக் குமுறத் தொடங்கியது. நான் சுகமாக்கிய முதல் புறா அது. மறுநாள் அதை அறுத்தேன்.

பீலியடியில் ஒரு கிழவி கேட்டாள். "என்னா புறாக்காரரே, இன்னைக்கி யாருக்குப் பேரு போட்டீங்க?"

தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பாதி மண்டலம் கழிந்தபோது கங்காணியின் வலது சுண்டுவிரல் அசைந்தது. சம்சாரம் அழுதார். தோட்டத்துக் கோயிலுக்குத் தேங்காய் அனுப்பினார். புறா ரத்தம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். இனி நிறுத்தச் சொல்லி யாரும் வாயெடுக்க முடியாது. விரல் தானாகவும் அசைந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

அக்குறணை முதலாளி பேரீச்சம்பழம் கொண்டு பார்க்க வந்தார். கதிரையில் உட்கார்ந்து கங்காணியையே பார்த்தார். தரையில் சிந்தி உறைந்த ரத்தத்தையும் பார்த்தார். பிறகு எழுந்து கூட்டடிக்கு வந்தார். காலியாகக் கிடந்த பொந்துகளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். திரும்பிப் போய் சம்சாரத்திடம் பேசினார்.

"தங்கச்சி, ஒரு பேச்சு செல்றன். மத்ததெல்லாம் ஒங்கட விருப்பம். அந்த நீலப் பெட்டைய எனக்குத் தாங்க. என்ட கூட்டுல உசிரோட ஈக்கட்டும்."

"அவரு எந்திரிச்சா ஆயிரம் புறா வளப்பாருங்க மொதலாளி."

"ஆயிரம் வளக்கலாம். இது வராது."

கட்டிலில் கங்காணியின் இடது கை எழும்பியது. முதலாளியின் சாரனைப் பிடித்தது. விடவில்லை.

தம்பி சொன்னான். "தாரோம் மொதலாளி. அதுக்குப் பதிலா ஒங்க கூட்டுல பறக்கிற புறா ரெண்டு அறுக்கத் தாங்க."

முதலாளி "அது ஏலா" என்றார். சாரனிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

ஒவ்வொரு புறாவின் காலிலும் அலுமினிய வளையம் இருக்கும். குஞ்சில் போட்டால் பிறகு கழற்ற முடியாது. அறுத்த பிறகு காலை வெட்டி வளையத்தை எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். வைத்தியர்தான் அப்படிச் செய்யச் சொன்னார். மண்டலம் தப்பக் கூடாது என்றார்.

கடைசியில் நீலப் பெட்டையும் அதன் சேவலும் மிஞ்சின. பெட்டை இரண்டு முட்டையின் மேல் இருந்தது. சேவலைக் கொண்டு போனேன். பகலில் சேவல் அடைகாக்கும் நேரம் வந்தும் பெட்டை எழும்பவில்லை. தீனிக்கும் இறங்கவில்லை. தண்ணீரை முட்டைப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் அதைக் கொண்டு போனேன். நெஞ்சு சூடாக இருந்தது. அடைகாக்கிற புறாவுக்கு நெஞ்சு அப்படித்தான் இருக்கும்.

கங்காணி கண்டார். வாய் துடித்தது. எச்சில் வழிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"முழு" என்றார்.

தெளிவாகச் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. முற்றத்தில் பார்த்துக்கொண்டு நின்ற கொழுந்துக்காரிகளுக்கும் கேட்டது.

"பேச்சு வந்திருச்சு! ஆத்தா, பேச்சு வந்திருச்சு!" சம்சாரம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"முழுசாத் தடவச் சொல்றாரு" என்றான் தம்பி. "கால் வரைக்கும். சரிண்ணே, முழுசாத் தடவிருவோம். அறுடா."

கங்காணி என்னைப் பார்த்தார். அந்த மூன்று சொல்லின் அர்த்தமும் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

கையை விரித்தேன். புறா எழும்பியது. தேயிலைக்கு மேலே போய் ஏரிப் பக்கம் சரிந்தது. வெயிலில் வயிறு வெள்ளையாகத் தெரிந்தது.

தம்பி என் கன்னத்தில் அடித்தான். இரண்டாவது அடியில் தூணில் மோதினேன்.

"அண்ணன் இத்தன நாளும் அறைன்னுதான்டா சொல்லியிருக்காரு! நமக்குத்தான் வெளங்கல!"

முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல பகிடிதான்.

கங்காணி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தய நாளில் அவர் வானம் பார்ப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வா, வா என்று வாய் முணுமுணுக்கும். அன்று வாய் இறுக மூடியிருந்தது.

"எங்க போயிரும்?" என்றான் தம்பி. "முட்ட கெடக்குல்ல." முக்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தான்.

பந்தயத்துக்குப் பெட்டையை அனுப்பும்போது முட்டையோடு இருக்கிற நாள் பார்த்து அனுப்புவோம். முட்டைக்காக வேகமாகத் திரும்பும். துரை சொல்லிக் கொடுத்த வித்தை அதுவும். கூட்டு வாசலில் கம்பிக் கதவு. வெளியிலிருந்து தள்ளினால் திறக்கும். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்காது.

தம்பி வெற்றிலையை மென்று முடிக்கவில்லை. பெட்டை கூட்டுப் பலகையில் இறங்கியது. ஒரு தடவை செட்டையை மடித்தது. கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. அந்தக் கூட்டில் எந்தப் புறாவும் அவ்வளவு சுருக்காக உள்ளே போனதில்லை.

"நீயே புடிச்சிட்டு வா" என்றான் தம்பி.

போனேன். முட்டை மேல் இருந்தது. கையை நீட்டியதும் செட்டையால் அடித்தது, விரலைக் கொத்தியது. பிடித்துக்கொண்டு வந்தேன். கத்தியைத் தீட்டியிருந்தார்கள்.

கங்காணி கழுத்தை மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் திரும்பியவர் திரும்பியபடியே கிடந்தார்.

"பாருங்க, பாருங்க, கழுத்துத் திரும்புது!" என்றார் சம்சாரம்.

அறுத்தேன். ரத்தம் கால் வரை போதவில்லை.

வைத்தியர் அடுத்த வாரம் வந்தார். சுண்டுவிரல் மட்டும் அசைந்தது. கை எழும்பவில்லை. கங்காணி எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு இருந்த வருஷங்களிலும் பேசவில்லை. புறா முடிந்துவிட்டது என்று தம்பி சொன்னான். வைத்தியர் தலையை ஆட்டினார். மண்டலம் முறிந்தால் பலன் பாதிதான் என்றார். எத்தனை ஆனது என்று என்னைக் கேட்டார்.

டின்னை விறாந்தையில் கவிழ்த்தேன். வளையங்கள் சிமெந்துத் தரையில் உருண்டன. ஒன்று கட்டிலுக்குக் கீழே போனது. குனிந்து எடுத்தேன். எண்ணினேன்.

நாற்பத்து மூன்று.